சோப்பில் பதிந்த தலை

ஏலக்கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிச் சாமான் துலக்குகிறவளை எல்லோரும் பாலிஷ் அக்கா என்பார்கள். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ஆனால் பழைய இங்கிலாந்துக் கரண்டி ஒன்றைக் கையில் கொடுங்கள், காம்பின் பின்பக்க முத்திரைகளைப் பார்த்து அதன் வயதைப் புட்டுப் புட்டு வைப்பாள். நடக்கும் சிங்கம் என்றால் நல்ல வெள்ளி. எழுத்து, செய்த வருஷம். அரசனின் தலை, வரி கட்டியாயிற்று. துலக்குவதற்கு முன் முத்திரைகளை ஈரச் சோப்புத் துண்டில் அழுத்தி, தேதியைக் கீறி, தகர டப்பாவில் போட்டுவைப்பாள். தேய்க்கிற கை எதையும் அழித்துவிடவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

"குளிக்கிற சோப்பையாவது விட்டு வைம்மா" என்பார் அவள் வீட்டுக்காரர்.

ஏலத்தன்று காலை ஒரு பெரிய பரிமாறும் கரண்டி துலக்க வந்தது. பட்டியலில் 1756 என்று அச்சாகியிருந்தது. எழுதியவர் முதலாளியின் மச்சான். நாக்குக்கு இருக்கிற நீளம் பார்வைக்குக் கிடையாது.

"சார், இதே 'ஏ' எழுத்து எண்பது வருஷம் கழிச்சு திரும்பவும் வந்திருக்கு. பக்கத்துல ராஜா தலை இருக்கு பாருங்க. அது 1784க்கு முன்னாடி கிடையவே கிடையாது. இது 1836" என்றாள் மச்சானிடம்.

"உன் வேலை துலக்கறது. அதைப் பாரு."

அவள் விடவில்லை. முதலாளியே வந்தார். பட்டியல் ஊரெல்லாம் போயாச்சு, மானம் போய்விடுமாம்.

"அந்தத் தலையை மட்டும் லேசா தேய்ச்சு விட்டுடும்மா. பழசுல தானா மழுங்கின மாதிரி இருக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருட்டுக்கு அவள் கையையே கேட்கிறார்கள்!

"அழுக்கை எடுக்கத்தான் சார் என்னை வெச்சிருக்கீங்க. முடியாது."

"அப்ப நாளையிலேர்ந்து வராதே."

"சரி. இன்னிக்கு இருக்கேன்ல?"

மச்சான் கரண்டியைப் பிடுங்கி, மெருகுச் சக்கரத்தில் தானே வைத்துத் தேய்த்தார். பத்தே நிமிஷம். தலை இருந்த இடம் வழவழவென்று ஆனது.

மத்தியானம் கூடம் நிரம்பியிருந்தது. முதலாளி 1756 என்று கூவி முடிக்கவும், பாலிஷ் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, ஏல நேரத்தில் ஒருநாளும் தாண்டாத கதவைத் தாண்டி வந்தாள். முன்வரிசையில் லென்ஸோடு இருந்த வியாபாரியிடம் சோப்புத் துண்டை நீட்டினாள்.

"ஐயா, அந்தக் கரண்டியையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

வியாபாரி கரண்டியை வாங்கிப் பார்த்தார். நான்கு முத்திரையும் அச்சு அசலாகப் பொருந்தின. ஐந்தாவதில் மட்டும் சோப்பில் அரசன் இருந்தான், கரண்டியில் இல்லை.

"தலை எங்கேம்மா?"

"காலையில எட்டு மணிக்கு இருந்துச்சு. நேரமும் கீறியிருக்கேன், பாருங்க."

"வெளியே போ!" என்று முதலாளி கத்தினார்.

அவள் உள்ளே போய்த் தகர டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"போறேன் சார்" என்றவள், கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இந்தக் கடையில இருபத்திரண்டு வருஷமா வித்த கரண்டி அத்தனையும் இதுக்குள்ள இருக்கு. சந்தேகம் இருக்கிறவங்க, வாங்கின கரண்டியை எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வாங்க."

அவள் வாசலை அடைவதற்குள் பின்னால் ஏழெட்டு நாற்காலிகள் நகர்ந்தன.