அத்தை வீட்டில் பாணி காய்ச்சிய நாட்கள்

என் அம்மாவின் மருந்துக்குப் பெயர் பிராந்தி என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். அது மருந்தில்லை என்பதுதான் தெரியாது. தம்பி பிறந்த சில நாட்களில் இறந்துபோனான். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டுமென்று சொந்தக்காரர்கள் ஒரு கரண்டி கொடுத்தார்கள். கரண்டி கிளாஸானது, கிளாஸ் போத்தலானது. கண்டியில் எங்கள் வீட்டில் அம்மா பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். யாராவது விசாரித்தால் அப்பா, "தலவலிங்க" என்பார். அப்பாவுக்குச் சொல்லத் தெரிந்த ஒரே பொய் அதுதான். பாவம், அதையே ஒரு வருஷம் வைத்துச் சமாளித்தார்.

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்ந்தவர். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். குடிப்பழக்கத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு வரும் பெண்களைச் சில மாதங்கள் அங்கே தன்னோடு வைத்துக்கொள்வார். "நேரா வீட்டுக்குப் போனா, விட்டுட்டு வந்த போத்தல் அதே எடத்துலதான் உக்காந்திருக்கும்" என்பது அவர் நியாயம். பெண்கள் குடிப்பார்கள் என்பதையே ஊர் ஒத்துக்கொள்ளாத காலம் அது. அதனால் அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அக்கம்பக்கத்தார் அதைத் தையல் வீடு என்றார்கள், யாரும் மறுக்கவில்லை.

அம்மாவும் வைத்தியம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அங்கேதான் போனார். பள்ளிக்கூட லீவானதால் என்னையும் அங்கே விட்டார்கள். எங்களைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த மரியாயி அக்கா. ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட. இன்னொருவர் ரோசலின் அக்கா, டவுனில் கவுன் தைத்தவர், பேசவே கூச்சப்படுவார். சட்டங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் வேலை செய்ய வேண்டும். கடைக்குத் தனியாகப் போகக்கூடாது. மனம் தடுமாறினால் ஒளியாமல் பக்கத்திலிருப்பவளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கையைப் பிடிக்கும் சட்டம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா காலையில் எழும்புகிறார், எனக்குத் தலை பின்னிவிடுகிறார் என்பதே. அதுவே எனக்குத் திருவிழாவாக இருந்தது.

வீட்டு வளவின் மூலையில், பனைச் சாதியைச் சேர்ந்த ஒரு கித்துள் மரம் நின்றது. அது பூத்ததும் வீட்டுக்காரர் அதை முதியான்சே என்ற சீவல்காரருக்குக் கள் இறக்கக் கொடுத்துவிட்டார். யார் குடியிருக்கிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. மரத்தில் பானை ஏறியது. காற்று வீசும்போதெல்லாம் புளித்த வாசனை குசினி வரை வந்தது. ரோசலின் அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டு தைத்தார்.

ஒரு பின்னேரம் அத்தை கண்டி மார்க்கட்டுக்குப் போயிருந்தார். முதியான்சே நிறைந்த பானையை இறக்கிக் கிணற்றடியில் வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டாரென்று வேலிப்பக்கம் போனார். நான் கொய்யா மரத்தில் இருந்தேன். முதலில் ரோசலின் அக்கா வந்து பானையருகே நின்றார். பிறகு மரியாயி அக்கா. பிறகு அம்மா, ஈரக்கையைத் துடைத்தபடி. பானையின் வாயில் நுரை பொங்கியது. ரோசலின் அக்கா குனிந்தார். அம்மா சட்டென்று அவர் கையைப் பிடித்தார். அம்மாவின் மற்றக் கையை மரியாயி அக்கா பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் பானையைச் சுற்றி அப்படியே நின்றார்கள்.

பெரியவர்கள் கைகோத்து வட்டமாக நின்றால் ஒரு பிள்ளை என்ன நினைக்கும்? நான் மரத்திலிருந்து குதித்து ஓடி, இடையில் புகுந்து, சும்மா இருந்த இரண்டு கைகளைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பாட்டைக் கத்திப் பாடிச் சுற்ற ஆரம்பித்தேன். இழுத்த இழுப்பில் அவர்களும் சுற்றினார்கள். மரியாயி அக்காவின் கால் பட்டுப் பானை உருண்டு, கள் முழுவதும் வாழைக்கு ஓடியது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியேய், வாழ தள்ளாடப் போகுது பாருங்கடி!"

முதியான்சே ஓடி வந்து தலையில் கைவைத்தார். அம்மாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். நெடுநேரம் பேசினார். பானைக்குள் ஹல் மரப்பட்டை போட்டுக் கட்டினால் பூவிலிருந்து வடியும் நீர் புளிக்காது. அப்படி இனிப்பாகவே இறக்கித் தந்தால், அதைக் காய்ச்சித் தேன்போன்ற பாணியும் கருப்பட்டியும் எடுக்கலாம் என்றார். அடுப்பெரிக்க யாருக்கு நேரம் என்று முதியான்சே முணுமுணுத்தார். "நாங்க மூணு பேர் இருக்கோமே" என்று அம்மா முதலில் தமிழில் சொல்லி, பிறகு சிங்களத்தில் சொன்னார். காய்ச்சுவதில் பாதி அவருக்கு என்று முடிவானது.

அடுத்த நாளிலிருந்து வீடே ஒட்டியது. முதல் தடவை பாணி தீய்ந்தது. இரண்டாம் தடவை காய்ச்சிய கருப்பட்டி கல்லாகி, மரியாயி அக்கா அம்மிக்குழவியால் உடைத்தார். கதவுப்பிடி, தையல் மெஷின், என் தலைமயிர் எல்லாவற்றிலும் பாணி. மூன்றாம் தடவை பதம் சரியாக வந்தபோது, கூச்சக்கார ரோசலின் அக்கா அகப்பையோடு முற்றத்தில் ஆடினார். அத்தை திட்டுவதுபோல் தொடங்கி, கடைசியில் விரலால் தொட்டு நக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். அம்மா அடுப்படியில் முகம் சிவந்து நின்று கிண்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தானே ஆயிட்டே. இன்னைக்கே போயிருவோமா?" என்றார்.

அம்மா அகப்பையை வைத்தார். "இல்லீங்க. இப்ப வந்தா எனக்குப் பயமா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இருந்திட்டு, நானே வர்றேன்னு சொல்லி அனுப்புறேன்."

அப்பா குனிந்து அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டார்.

அன்று செபமாலைக்கு அப்பாவும் முழந்தாளிட்டார். முடிவில் அவரவர் தமக்கு வேண்டியதைச் சத்தமாகக் கேட்கலாம். என் முறை வந்தது.

"ஆண்டவரே, எங்க அம்மாவுக்கு ஒருநாளும் சொகமாகக் கூடாது. நாங்க எப்பவும் இங்கயே இருக்கணும்."

அம்மாதான் முதலில் சிரித்தார். தம்பி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நானோ அப்பாவோ கேட்டதில்லை. மரியாயி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத்தை சொன்னார்: "ஆண்டவருக்குச் சின்னப்புள்ளைங்க பாஷை விளங்கும். ஆமென் சொல்லுங்க."

இருட்டுமுன் அப்பா பஸ்ஸுக்குப் புறப்பட்டார். நான் கேட் வரை போனேன். மனைவியைக் கூட்டிப்போக வந்து, ஒரு சிரட்டைக் கருப்பட்டியோடு தனியாகத் திரும்புகிற மனிதர், மகாவலி ஆற்றங்கரை ரோட்டில் ஏன் சீட்டியடித்துக்கொண்டு போகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.