கூரை வைக்காத சர்ச்சு

எதிர் ஃபிளாட்டில் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். காலையிலிருந்து மாடிப்படி முழுக்க ஈரப் பிளாஸ்டர் வாசனை. வாசனை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நனைந்த சுவர், கொஞ்சம் சாக்பீஸ், அவ்வளவுதான். வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டியவள், கால் தானாக அங்கே போக, கீழே சிந்திக் கிடந்த ஒரு கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அது ஆறுவதற்குள் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

அப்போது திருப்பதியில் ஒரு பல் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு முதல் வேலை. சித்தூரிலிருந்து தினமும் பஸ். புத்தலப்பட்டு வரைக்கும் நின்றுகொண்டு போவேன், அங்கே யாராவது இறங்கினால் உட்காருவேன். ஊரார் வாயிலிருந்து எடுத்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றிப் பல்வரிசை எடுப்பதுதான் வேலை. ரப்பர் கிண்ணத்தில் மிச்சமாவதைச் சில நிமிடத்தில் பயன்படுத்தாவிட்டால் தூக்கிப் போட வேண்டும். எனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. மெழுகு செதுக்கும் கத்தியை வைத்துக்கொண்டு அந்த மிச்சத்தில் கட்டடம் செய்ய ஆரம்பித்தேன்.

முதலில் தாஜ்மகால். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, எனக்குப் பூண்டாய் முடிந்தது. குவிமாடம் அப்படியே ஒரு நாட்டுப் பூண்டு. சார்மினாரில் ஒரு மினார் உடைந்து மூன்றுதான் மிஞ்சியது. சந்திரகிரி ராஜ மகால்தான் பார்த்தவுடன் பெயர் சொல்லும்படி வந்தது. டாக்டரம்மா கதவருகே வந்து நின்று, "ஏம்மா, பேஷண்ட்டு பல்லுக்கு வெயிட் பண்ணிக்கினு கீறாரு, நீ ராஜாவுக்கு அரமண கட்டறியா?" என்பார்.

செய்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து நைனாவின் கையில் கொடுப்பேன். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நைனா சித்தூரில் தபால்காரராக முப்பது வருடம் நடந்தவர். கண்ணில் நீரழுத்தம் வந்து, ரிட்டயர் ஆன கொஞ்ச நாளில் பார்வை முழுதும் போய்விட்டது. சார்மினாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மேஜையா இது? ஒரு காலு இல்லாம கீதே" என்றார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

பார்வை போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் தனியாகத்தான் நடப்பார், யாரும் கை பிடிக்கக் கூடாது. எங்களுடையது பழைய மிஷன் சபை. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நைனாவுக்கு வலப்பக்கம் மூன்றாவது பெஞ்சு. வழி அவர் காலுக்கே தெரியும். அந்தக் கட்டடத்தை இடித்து அதே இடத்தில் புதியது கட்டினார்கள். பிரதிஷ்டை முடிந்த அடுத்த ஞாயிறு, நான் வெளியே செருப்பை விட்டுவிட்டு யாரோடோ வாயாடிக்கொண்டிருந்தபோது, நைனா உள்ளே போய் வலப்பக்கம் திரும்பி, பெஞ்சுகளைத் தொட்டு மூன்று எண்ணி, இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். கீபோர்டுக்கான பிளக் பாயிண்ட்டை வலப்பக்கம் வைத்துவிட்டார்கள். பாடகர் குழுவில் முக்கால்வாசி பெண்கள். அதனால் அந்த வாரம் முதல் வலப்பக்கத்தைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கண் இருக்கிறவர்கள் எல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நைனாவுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் ஓடுவதற்குள் அவர் எழுந்து, பெஞ்சு பெஞ்சாகத் தடவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"இனிமே நான் வரல. ஊட்லயே குந்திக்கினு ஜெபம் பண்ணிக்கறேன்" என்றார்.

"நான் கைய புடிச்சி இட்டுக்கினு போறேன் நைனா."

"மாட்ட ஓட்டிக்கினு போற மாதிரியா? வாணாம்மா."

நான்கு ஞாயிறு போயிற்று. துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சர்ச்சு மணி கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு வைராக்கியம் இருந்தால் நானும் அவர் பெற்ற பெண்தானே. அவரை அதே வாசலில் ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு புது சர்ச்சுக்குப் போனேன். தரை பெருக்கிக்கொண்டிருந்த அக்கா, "அதான் கட்டி முடிச்சாச்சே, இன்னும் எதுக்கு அளக்கிற?" என்று கேட்டார். சொன்னேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

லேபில் நான் ஊற்றிய சர்ச்சில் ஒரு பெஞ்சு என் சுண்டுவிரல் நீளம். பாதி, அச்சிலிருந்து எடுக்கும்போதே உடைந்தது. மறுபடி ஊற்றினேன், மறுபடி உடைந்தது, மறுபடி ஊற்றினேன். பெண்கள் பெஞ்சில் எல்லாம் ஒரு கோடு கீறினேன், ஆண்கள் பெஞ்சை வழவழப்பாக விட்டேன். கீபோர்டையும் விடவில்லை. கூரை மட்டும் வைக்கவில்லை, விரல் உள்ளே போக வேண்டுமே.

கொண்டுபோய் அவர் நாற்காலி பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். மூன்று நாள் தொடவில்லை. நான்காம் நாள் நான் வேலை விட்டு வந்தபோது சர்ச்சு அவர் மடியில் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு காலாக வாசலிலிருந்து உள்ளே நடந்துகொண்டிருந்தன.

"இன்னாது இது, கட்ட மாதிரி?"

"கீபோர்டு நைனா."

"ஓ, நம்பள தொரத்தினது இதானா" என்று அதை ஒரு தட்டு தட்டினார். பிறகு விரலை வாசலுக்குக் கொண்டுவந்தார். "படி மூணு வெச்சிகிற. நாலும்மா."

"மூணுதான் நைனா. நான் அளந்துக்கினு வந்தேன்."

"நாலு. அன்னிக்கி எறங்கி வரும்போது எண்ணிக்கினுதான் வந்தேன்."

மறுநாள் பஸ்ஸை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். நாலுதான். அடிப்படி பாதி மண்ணில் புதைந்திருந்தது, நான் அதைப் படியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டு இறங்கிய மனிதர், திரும்பி ஏற வேண்டியிருக்கும் என்று படியை எண்ணி வைத்திருக்கிறார். சர்ச்சு வாசலிலேயே நின்று அழுதேன். அன்று லேபில் முதல் வேலையாக நாலாவது படியை ஊற்றினேன்.

அந்த ஞாயிறு நைனா தனியாகப் படியேறினார். இடப்பக்கம் திரும்பினார். மூன்றாவது பெஞ்சு. நான் பத்தடி பின்னால் நின்றேன். அவர் உட்கார்ந்த பிறகுதான் என் பக்கம் போனேன். அதன் பிறகு ஒன்பது வருடம், காய்ச்சல் இல்லாத ஞாயிறு ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

இப்போது அங்கே பெஞ்சுகள் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்பதும் போய்விட்டது. குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து உட்காருங்கள் என்று அறிவித்தார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. விவரம் தெரிந்த நாள் முதல் நானும் நைனாவும் ஒரே சபையில் ஜெபம் செய்தோம், ஒருநாள்கூடப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இப்போது உட்காரலாம். நைனாதான் இல்லை.