அண்ணி ருசி பார்க்காத பீஃப் ரோஸ்ட்

எங்கள் பீளமேட்டு வீட்டுச் சமையல் மேடையில் ஒரு கறுப்புப் பீங்கான் பானை இருக்கிறது. மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர். அண்ணன் கல்யாணமான புதிதில் அண்ணிக்கு வாங்கிக் கொடுத்தது. அவள் அவிநாசிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண். கட்டுத்தறிக் காளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவள். நாங்களோ ஞாயிறு பூசை முடிந்தால் மாட்டுக்கறி இல்லாமல் சோற்றில் கைவைக்காத கத்தோலிக்கர்கள். காதலித்து, சர்ச்சில் தாலி கட்டிக்கொண்டு வந்தவளிடம் அம்மா முதல் ஞாயிறே கறியைக் கொடுத்து, இந்த வீட்டு மருமகள் என்றால் இதைச் சமைக்கத்தான் வேண்டும் என்றாள். அண்ணி சமைத்தாள். நடுநடுவே கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் கிளறினாள். அதைப் பார்த்த அண்ணன், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குப் பதிலாகக் கடைக்குப் போய் இந்தப் பானையை வாங்கி வந்தான். அவனுடைய வீரம் அவ்வளவுதான்.

சும்மா சொல்லக்கூடாது, பானை நன்றாகவே உழைத்தது. நார் நிறைந்த முன்னங்கால் கறிதான் மெதுவாக வெந்தால் மெத்தென்று ஆகும் என்பதை அண்ணி தானாகவே கண்டுபிடித்தாள். மிளகு, சோம்பு, இஞ்சி பூண்டு, கொஞ்சம் வினிகர் எல்லாம் பிசறி, அடியில் சின்ன வெங்காயம் பரப்பி, சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் சனிக்கிழமை படுக்கப்போகும்முன் மூடிவிடுவாள். கறி தன் தண்ணீரிலேயே வேகும். இடையில் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. காலையில் தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் போட்டு இரும்புச் சட்டியில் வறுத்தால், கரண்டி பட்டதும் நார்நாராகப் பிரிந்து வரும். பங்குச் சாமியாரே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்புக்காகக்கூட அவள் அதை நாக்கில் வைத்ததில்லை. நாத்தனாரான என்னைக் கூப்பிட்டுத்தான் பார்க்கச் சொல்வாள். அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. யாராவது பாராட்டினால் போதும், நம்மைத் தீட்டாக நினைக்கிறவள் கையால் தின்கிறோம் என்று ஆரம்பித்துவிடுவாள்.

அண்ணி சாப்பிடாததற்குக் காரணம் அருவருப்பு மட்டுமல்ல. வருஷத்தில் ஒரு நாள், அவர்கள் பட்டிப் பொங்கல் என்று சொல்லும் மாட்டுப் பொங்கலன்று, மகளை வீட்டுக்குள் விட அவளுடைய அப்பா சம்மதித்திருந்தார். அதற்கு அவள் கட்டுத்தறிக் காளையின் முதுகில் கைவைத்து, மாட்டுக்கறியை வாயில் வைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் உள்ளே போய்ப் பெற்றவளைப் பார்க்கலாம், பொங்கல் சாப்பிடலாம். பெற்ற மகளை இப்படிச் சோதிக்கிற மனுஷரை எனக்குப் பிடித்ததேயில்லை. ஆனால் அண்ணி அந்த ஒரு நாளை நம்பித்தான் மற்ற நாட்களை ஓட்டினாள். அம்மாவுக்கும் இது நன்றாகத் தெரியும்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம், பட்டிப் பொங்கலுக்குத் துணையாக நானும் கிளம்பினேன். மார்கழிப் பனியில் பிடித்த சளி அண்ணிக்கு இன்னும் விடவில்லை. வாசனை எதுவும் தெரியவில்லை. அன்று காலை அம்மா வழக்கமில்லாத பிரியத்தோடு அவளை உட்காரவைத்துத் தோசை சுட்டுப் போட்டு, தக்காளிக் குழம்பு ஊற்றினாள். அத்தையே பரிமாறுகிறாளே என்ற பூரிப்பில் அண்ணி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கைகழுவி, பையைத் தோளில் மாட்டும்வரை அம்மா காத்திருந்தாள்.

"பானையில மிஞ்சுன கறிச்சாறுதான் கண்ணு கொழம்புல ஊத்தியிருக்கறேன். இனி நீ நம்மூட்டுப் புள்ள. போயிட்டு வா."

அண்ணி வந்து என் ஸ்கூட்டரில் ஏறினாள். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு போனேன். தெரியாமல் சாப்பிட்டது கணக்கில் வராது, பேசாமல் கையை வைத்துச் சொல்லிவிடுங்கள், காளை என்ன சாட்சிக்கா வரப்போகிறது என்றேன். கொம்புக்குச் சாயம் பூசி நின்ற காளையின் பக்கத்தில் அவளுடைய அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அண்ணி கையைத் தூக்கினாள். பிறகு இறக்கிவிட்டாள்.

"எனக்குத் தெரியாம ஊத்திப்போட்டாங்கப்பா. ஆனா உள்ள போயிருச்சுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறந்ததிலிருந்து கண்ணு என்று மட்டுமே அவளைக் கூப்பிட்டவர், வழி கேட்க வந்த அசலாரிடம் பேசுவதுபோல் பேசினார்.

"சரிங்க. வெயில் ஏறறதுக்குள்ள கெளம்பிக்குங்க."

கதவுக்குப் பின்னால் அவளுடைய அம்மாவின் சேலை தெரிந்தது. ஆள் வெளியே வரவில்லை. அதன்பின் அவர்கள் இருவரும் அடுத்தடுத்துச் செத்தபோதும் அண்ணிக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. யார்யார் சொல்லியோ தெரிந்துகொண்டாள்.

இப்போது அம்மாவுக்குப் பக்கவாதம். பல்லும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு கையும் கண்ணும்தான் மிச்சம். அண்ணி குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுகிறாள், துணி மாற்றுகிறாள், புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் தட்டில் ரோஸ்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஆம், இப்போது சாப்பிடுகிறாள். ருசித்துச் சாப்பிடுகிறாள் என்று சொல்ல முடியாது. மாத்திரை விழுங்குகிற மாதிரி இருக்கிறது. போன வாரம் நானும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். வாசனைக்கு அம்மா வாயைத் திறந்தாள். அண்ணி அரிசிக் கஞ்சியை ஒரு ஸ்பூன் எடுத்து அந்த வாயில் ஊற்றினாள்.

"கறி உங்களுக்கு ஆகாதுங்க அத்தை. டாக்டரு கூடவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாருங்க."

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனவள் நான். குழைய வேகவைத்த எதையும் தாராளமாகக் கொடுக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். கஞ்சி கடைவாயில் வழிய, அம்மா என் பக்கம் கண்ணைத் திருப்பிப் பார்த்தாள். நான் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.