டெலியாவும் டிலியாவும்

இறந்தவளின் துணியை டெலியாதான் துவைத்தாள். அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் துணியை ஆற்றில் அலச வேண்டும். ரத்த உறவு கை வைக்கக் கூடாது. பெரு நாட்டில் அயகூச்சோ மலைப்பக்கம் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். முப்பத்திரண்டு வருடம் கழித்து எலும்பாகத் தோண்டி எடுத்து அடக்கம் செய்தவளுக்கும் அதே ஐந்தாம் நாள்தான். என் நாத்தனார் டிலியாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரு பாவாடையும் ஒரு கம்பளிச் சட்டையும்.

"ரெண்டு துணிக்கு இவ்வளவு நேரமா? தோலை உரிக்கிறியாடி?" என்றாள் கரையில் நின்ற பக்கத்து வீட்டு நிகாநோரா.

"அழுக்குப் போக வேண்டாமா?"

"எந்த அழுக்கு? அந்தப் பாவாடைய அவ ஒரு தடவகூட உடுத்தல."

டெலியா மறுபடி சோப்புப் போட்டாள். பனித்தண்ணீரில் கை இரண்டும் சிவந்து போயிருந்தன.

டெலியா வமானி, டிலியா வமானி. சொந்தமில்லை, ஊரில் பாதிப் பேர் வமானிதான். கெச்சுவா மொழி பேசும் எங்கள் வாய்க்கு எ-யும் இ-யும் ஒன்று. இரண்டு பேரையும் டிலியா என்றுதான் கூப்பிட்டோம், டெலியாவை நெட்டை டிலியா, என் நாத்தனாரைக் குட்டை டிலியா என்று. நெட்டை மட்டும் தலைநகர் லிமாவில் இரண்டு வருடம் வீட்டுவேலை பார்த்தவள். எஜமானியிடம் அறை வாங்கி வாங்கி அந்த இரண்டு எழுத்தையும் பிரித்துச் சொல்லவும் கேட்கவும் கற்றுக்கொண்டு வந்தாள்.

எண்பத்து நான்கில் சிப்பாய்கள் ஊரையே கோயிலுக்குள் உட்கார வைத்து, மலையில் ஒளிந்திருந்த தீவிரவாதிகளுக்கு உதவியவர்கள் என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள். எங்கள் காதுக்கு டிலியா வமானி என்று ஒரு பெயர் வந்தது. குட்டை டிலியா எழுந்தாள். அன்று எழுந்த பதினொரு பேரையும் பள்ளத்தில் சுட்டார்கள்.

என் வீட்டுக்காரர் எவாரிஸ்தோவுக்கு அப்போது எட்டு வயது. பட்டியலில் பேர் சும்மா ஏறுமா என்று ஊர் பேசியது. பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தீவிரவாதி தம்பி என்றே பெயர். மலையிலிருந்து வந்தவர்களுக்கு அக்கா ரகசியமாகச் சமைத்துப் போட்டாள், தன்னிடமே மறைத்தாள் என்று அவரும் நம்பினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

டெலியா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழ மாட்டாள். யாராவது தோளைத் தொட வேண்டும். சுகாதார நிலையத்து நர்ஸ் அவளுக்குக் காது கேட்காது என்றே எழுதி வைத்திருந்தாள். துக்கம் தலைக்கு ஏறிவிட்டது என்றோம் நாங்கள். நகரத்திலிருந்து வந்த மனநல டாக்டரம்மா, துக்கத்துக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போடச் சொன்னாள்.

"பாஸாயிட்டா வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள் டெலியா.

என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "பள்ளத்துப் பக்கம் ஆடு ஓட்டிட்டுப் போனா, உச்சி வெயில்ல யாரோ என்னைக் கூப்பிடுறாங்க."

"செத்துப்போன டிலியாவா?"

"இல்ல. ஆம்பளைக் குரல். கடற்கரை ஆளு, லிமாக்காரன் மாதிரி. என் பேரை அவ்வளவு சுத்தமா சொல்றான்."

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

துணி துவைத்த அன்று காலையில்தான் சாம்பல் பார்த்தோம். முந்தின நாள் அறை முழுக்கச் சாம்பல் தூவிக் கதவைச் சாத்திவிடுவோம். ஆவி வந்துபோன தடம் விடிந்தால் தெரியும். திறந்தபோது தடம் இருந்தது. வெறுங்கால், சின்னப் பாதம். வாசலிலிருந்து நேராகப் பெஞ்சுக்குப் போயிருந்தது. துக்கத்துக்கு உட்கார்ந்த நாளெல்லாம் டெலியா உட்கார்ந்த இடம். அதன் எதிரே இரண்டு பாதமும் ஒட்டி நின்றிருந்தன, விரல்கள் பெஞ்சைப் பார்த்து. திரும்பிப் போன தடம் இல்லை.

"அடுப்படியில வளக்கிற கினிப்பன்றி ஓடியிருக்கும்," என்றாள் நிகாநோரா.

"எந்தக் கினிப்பன்றிக்குடி அஞ்சு விரல்?" என்றேன்.

டெலியா பார்த்தாள். துணியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் அறையில் இருந்தார். மூலையடுப்பில் நான் சோளம் வறுத்துக்கொண்டிருந்தேன். ஈர மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"தம்பி, உங்கக்கா பேரு அந்தப் பட்டியல்ல இல்ல."

அவர் நிமிர்ந்தார்.

"அந்த ஆபீசர் டெலியான்னுதான் வாசிச்சான். என் பேரு. மலையிலேருந்து வந்தவங்களுக்கு சூப்பு வச்சுக் கொடுத்தது நான். துப்பாக்கிய நெத்தியில வச்சாங்க, வச்சுக் கொடுத்தேன். உங்கக்கா தன் பேருன்னு நெனச்சு எந்திரிச்சிட்டா."

"உனக்கு வித்தியாசம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அந்தக் கோயில்ல எனக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும்."

சோளம் கருகும் வாசனை வந்தது. நான் கிளறவில்லை. கத்துவார், எதையாவது தூக்கி அடிப்பார் என்று இருந்தேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப டிலியா எங்கிட்ட எதையும் மறைக்கல," என்றார்.

"மறைக்கல. நீயாவது ஏதாச்சும் சொல்லிரு தம்பி. திட்டிரு."

அவர் திட்டவில்லை.

"அக்கா, அவ எந்திரிச்சப்ப உன் பக்கம் திரும்பிப் பாத்தாளா?"

டெலியா குனிந்து ஈர மூட்டையை எடுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.