அம்மா கொடுக்காத மாத்திரை

மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, என் அம்மா நர்ஸ் என்று கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அம்மா இராஜபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா. தரை துடைப்பதும் பெட்பான் எடுப்பதும்தான் வேலை. ஆனால் சிஸ்டருக்குக் கை ஒழியாதபோது மாத்திரைத் தட்டு அம்மாவிடம் வரும். கட்டில் எண் எழுதிய பொட்டலங்களோடு அம்மா நடப்பதைப் பார்க்க வேண்டும். ஆண்டாள் தேர்கூட அவ்வளவு நிதானமாக நகராது. எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு சனிக்கிழமை, என் பீற்றலை நம்பாத தோழியைக் கையோடு கூட்டிப்போனேன். பிரசவ அறையில் யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, நம்பர் பாத்துக் குடுத்துருங்க" என்று தட்டை நீட்டிவிட்டு சிஸ்டர் உள்ளே ஓடினார்.

ஒன்றாம் கட்டில்காரர் விழுங்கும்வரை நின்று பார்த்த அம்மா, இரண்டாம் கட்டிலில் தயங்கினாள். காலையில் அங்கே படுத்திருந்தவர் வயதான ஓர் அம்மாள். ஃபேன் காற்று ஆகவில்லையென்று, மூலைக் கட்டிலில் இருந்த மில்லுக்குப் போகும் அக்காவோடு அவராகவே இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டுன்னுதானே போட்டிருக்கு, குடும்மா" என்றேன். தோழி பார்க்கிறாளே! மில் அக்காவும் கை நீட்டிவிட்டாள்.

"சும்மா இருட்டி. சிஸ்டர் இத மடிச்சது இவிய எடம் மாறுறதுக்கு முந்தியா பிந்தியான்னு எனக்கு என்ன தெரியும்?"

அம்மா போய்ப் பிரசவ அறைக் கதவைத் தட்டினாள். "இந்நேரத்துலயாக்கா கூப்பிடுவீங்க?" என்று எரிந்து விழுந்துகொண்டே வந்த சிஸ்டர், கட்டில்களைப் பார்த்ததும் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டார். பொட்டலத்தில் இருந்தது அந்த அம்மாளின் சர்க்கரை வியாதி மாத்திரை. மில் அக்காவுக்கோ சாயங்காலம் ஆபரேஷன். காலையிலிருந்து வெறும் வயிறு.

சிஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே நானே குடுத்துக்கிறேன்க்கா. ஒங்க தலையில கட்டுனது என் தப்பு."

"அதான் சிஸ்டர் நல்லது" என்று அம்மா தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "உங்கம்மாவுக்குக் குடுக்கத் தெரியல" என்றாள் தோழி. மானம் போய்விட்டதென்று நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

மில் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளுடைய அப்பா வந்திருந்தார். டாக்டருக்கும் சிஸ்டருக்கும் ஒரு கும்பிடு போட்டவர், பெட்பானோடு வந்த அம்மாவைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாத்திரை கொடுத்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு, கொடுக்காத அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று எனக்கு விளங்கவே இல்லை.