வயர்லெஸில் அப்பா

இன்று எனக்குச் சொந்தமாக ஆறு லாரிகள் ஓடுகின்றன. எது எந்த வளைவில் நிற்கிறது என்று கைப்பேசி புள்ளி வைத்துக் காட்டும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் சம்பாதித்தது இத்தனையும். கோத்தகிரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் மழைக்காலம் வந்துவிட்டால் அலுப்பாகத்தான் இருக்கிறது. புள்ளி நகர்கிறதா, நகர்கிறதா என்று பார்த்தே கண் பூத்துப்போகிறது. அப்போதெல்லாம் எங்கள் எஸ்டேட் லயன் வீட்டு வயர்லெஸ் பெட்டி நினைவுக்கு வரும்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா கொழுந்து லாரி ஓட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். மழையில் சாலை சரிந்து லாரி எங்காவது நின்றுவிட்டால், ஆள் நடந்து வந்து சொன்னால்தான் சேதி. அதற்காக இரண்டு வயர்லெஸ் பெட்டிகள் வாங்கினார்கள். ஒன்று லாரிக்கு. இன்னொன்று ஃபேக்டரியில் இருக்க வேண்டியது. ஆனால் ஃபேக்டரி பள்ளத்தில் கிடந்தது, அங்கே சிக்னல் எட்டாது. மேட்டில் இருந்தது எங்கள் வீடுதான். பெட்டி எங்களிடம் வந்தது. சேதி வந்தால் ஃபேக்டரிக்கு ஓடிப்போய்ச் சொல்வது என் வேலை.

பெட்டியைப் பொருத்தியவர் மாமா, அம்மாவின் அண்ணன், ஃபேக்டரி எலக்ட்ரீசியன். வாசலில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் கணீரென்று பேசின. மாமா மீசையை நீவிக்கொண்டார். லாரி முதல் வளைவைத் தாண்டியதும் சத்தமே இல்லை. பெட்டிகளை நேருக்கு நேர் பேசும்படி வைத்திருக்கிறார். நடுவில் மலை இருப்பதை மறந்துவிட்டார். அந்த மலை உச்சியில் ரிப்பீட்டர் என்று ஒன்று நிறுத்தியிருந்தார்கள். நாம் பேசுவதை அது வாங்கி அந்தப் பக்கத்துக்குச் சொல்லும். "மேல ஏறுறதுக்கு ஒரு பாதை, எறங்குறதுக்கு ஒரு பாதை கண்ணு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுட்டேன்" என்றபடி, அனுப்ப ஒரு சேனல், கேட்க வேறு சேனல் என்று மாற்றி வைத்தார். கூரையில் ஏரியல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். என் பிடியில்தான் அது சரியாக உச்சியைப் பார்த்தது. மாமா கடைசிவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை. பேசுகிற பித்தானை அமுக்கிக் கையை எடுத்ததும் பெட்டி 'கிர்ர்' என்றது.

அம்மா அதில் பேச மாட்டேன் என்றுவிட்டார். யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பெயரைச் சொல்ல வேண்டுமாம். புருஷன் பெயரை எப்படிச் சொல்வது?

"ஏனுங்கன்னு கூப்பிட்டா இந்த மலையில இருக்கிற ஆம்பளைங்க பூராத் திரும்பிப் பாப்பாங்க அம்மிணி" என்று மாமா கேலி செய்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பேசவே வேண்டாம், சும்மா அமுக்கி விடு. வளைவில் ஓட்டுகிற மனுஷனாலும் பேச முடியாது. அவரும் பதிலுக்கு அமுக்கி விடுவார். கிர்ர் என்று வந்தால் ஆள் நல்லாயிருக்கிறார் என்று வைத்துக்கொள்.

அதற்கு முன்பெல்லாம் மழை பெய்தால் அம்மா சோற்றைத் தொட மாட்டார். பகல் முழுக்க முதுகில் கூடையோடு நனைந்துவிட்டு வந்து, சாலை தெரிகிற இடத்தில் போய் நிற்பார். காய்ச்சலோடும் நிற்பார். பெட்டி வந்தபிறகு, ஈரச் சேலையோடு வந்ததும் முதலில் அமுக்குவார். கிர்ர் என்னும். அப்புறம் அடுப்பைப் பற்றவைப்பார்.

ஐப்பசியில் ஒருநாள் லாரி திரும்பவில்லை. கீழே சாலை சரிந்துவிட்டதாகப் பேச்சு. நான் பித்தானை அமுக்கி அப்பா, அப்பா என்று கத்தினேன். குரல் வரவில்லை; கிர்ர் மட்டும் வந்தது. சாயங்காலம் மாமா வந்தார்.

"பேசலையேண்ணா?" என்றார் அம்மா.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கும் அம்மிணி. அமுக்குனாருல்ல, அது போதும். நீ தின்னுட்டுப் படு."

அம்மா இன்னொரு தரம் அமுக்கிக் கேட்டுவிட்டு, தின்றுவிட்டுப் படுத்தார். மாமா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் சாலைப் பக்கம் இறங்கிப் போனார். எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

விடிந்து வெகுநேரம் கழித்து அப்பாவும் மாமாவும் இடுப்புவரை சேற்றோடு நடந்து வந்தார்கள். அப்பா லாரியிலிருந்த வயர்லெஸ் பெட்டியைத் தரையில் வைத்தார். "நேத்து மத்தியானமே தண்ணி பூந்து செத்துப்போச்சு" என்றார்.

"பொழுதுக்கும் அமுக்குனீங்களேப்பா?" என்றேன் நான்.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா, ஏரியல் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிக் கூரைமேல் ஏறிவிட்டார். யார் அமுக்கி விட்டாலும் உச்சியிலிருக்கிற ரிப்பீட்டர் தானாகவே அந்தக் கிர்ர் சத்தத்தைப் போடும் என்பது, பிற்பாடு என் முதல் லாரிக்குப் பெட்டி பொருத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா டீ போட்டு, மாமாவைக் கீழே கூப்பிட்டு, முதல் டம்ளரை அவருக்குக் கொடுத்தார்.

சாலையைச் சரிசெய்ததும் அப்பா மறுபடி லாரி எடுத்தார். லாரிப் பெட்டி ரிப்பேருக்குக் கோயமுத்தூர் போயிருந்தது. அன்றும் மழை. அம்மா வந்தார், கூடையை இறக்கினார், சேலையைக்கூடப் பிழியாமல் பித்தானை அமுக்கி விட்டார். கிர்ர்.

"அப்பா பொட்டி கோயமுத்தூர்லதான இருக்குது?"

"தெரியும் சாமி" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தார்.

தெரிந்தவர் எதற்கு அமுக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். விறகு ஈரம், வீடெல்லாம் புகை, எனக்கோ பசி. அதோடு விட்டுவிட்டேன்.