ஈயக்குண்டு தேர்ந்தெடுத்த மிஷின்

எங்கள் படகுத்துறையில் என் பெரிய அக்காவின் புருஷனுக்கு ஈயக்குண்டு என்று பெயர். ஆள் என்னவோ துடைப்பக்குச்சி மாதிரிதான் இருப்பார். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைத் தண்ணீரில் போட்டு ஆழம் பார்த்துப் பார்த்தே வந்த பெயர் அது. எனக்கு அவர் பெரியத்தான். சின்ன அக்காவைக் கட்டியவர் சின்னத்தான். சகலைகள் இருவரும் சேர்ந்து வாங்கிய ஒரே படகில் வருஷக்கணக்காகத் தொழிலுக்குப் போய்வந்தார்கள். நான் கடைக்குட்டித் தங்கை. துறையிலேயே ஐஸ் கிடங்கில் வேலை என்பதால் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை, யாரைப் பிடித்து உலுக்க வேண்டுமோ அவர்களை உலுக்கித் தெரிந்துகொண்டேன்.

இங்கே ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் ஓரிடத்தில் நிற்காது. நேற்று படகு போன வழியில் இன்று திட்டு முளைத்திருக்கும். படகு தட்டினால் இன்ஜினின் விசிறி போயிற்று, அலை வேகமாக இருந்தால் படகே போயிற்று. அதனால் பெரியத்தான் முன்பக்கம் நின்று குண்டைப் போடுவார். கயிற்றின் முடிச்சைப் பார்த்து, "எட்டடி... ஏழு... ஆறரை, இடது பக்கம் திருப்பு!" என்று கத்துவார். பின்னால் சின்னத்தான் அந்தக் குரலுக்கு ஏற்ப இன்ஜினைத் திருப்புவார். மற்றபடி வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன். "அவர் பேசணும்னா காலுக்கடியில தண்ணி இருக்கணும்" என்பாள் அக்கா.

போன மழைக்காலத்தில் பெரியத்தானுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கினால் முகம் சுருங்கும். அப்போதுதான் சின்னத்தானுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்குண்ணே இந்த அவஸ்தை? ஆழம் காட்டற மிஷின் ஒண்ணு வாங்கிடுவோம். நீங்க ராஜா மாதிரி உட்கார்ந்துட்டு வாங்க."

எனக்கே கண் கலங்கிவிட்டது. சொந்தத் தம்பிகூட இப்படி யோசிக்க மாட்டான் என்று ஐஸ் கிடங்கு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

படகுச் சாமான் கடைக்கு மூன்று பேரும் போனோம். கடைக்காரர் ஒரு பெரிய மிஷினை மேஜைமேல் வைத்து பட்டனைத் தட்டினார். கலர் கலராக மீன்கள் ஓடின. பெரியத்தான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தண்ணியே இல்லாம எப்படிங்க மீன் ஓடுது?"

"அது சும்மா விளம்பரத்துக்குங்க."

"அப்ப தண்ணியில நிஜத்தைச் சொல்லுமா?"

கடைக்காரர் நல்ல மனுஷர். கோபப்படாமல் அந்தப் பெரியதையும் இன்னொரு சின்னதையும் கொடுத்து, படகில் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அன்று முழுக்கச் சகலைகள் முகத்துவாரத்தில்தான் கிடந்தார்கள். வலிக்கிற தோளோடு பெரியத்தான் குண்டைப் போட்டு அடியைச் சொல்வார். சின்னத்தான் இரண்டு மிஷினையும் பார்த்து அவை காட்டுவதைச் சொல்வார். கெட்டி மணலில் மூன்றும் ஒன்றாகத்தான் சொல்லின. சேற்றுக்கு வந்ததும் பெரிய மிஷின் குட்டு வெளிப்பட்டது. கயிறு ஐந்தரை அடி என்றபோது அது ஏழு என்றது. மேலே இருக்கிற குழைசேற்றை விட்டுவிட்டு அதற்கும் கீழே உள்ள கெட்டித் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. படகோ சேற்றில்தான் சிக்கும். கலரும் இல்லாமல் மீனும் இல்லாமல் இருந்த சின்னது மட்டும் ஐந்தரை என்றது.

"இதை எடுத்துக்கலாம். இது உள்ளதைச் சொல்லுது" என்றார் பெரியத்தான்.

கடையில் அதிலேயே இரண்டு வகை இருந்தது. ஒன்றில் தண்ணீருக்குள் நிற்கும் சென்சாரைப் படகில் துளைபோட்டுத் திருகவேண்டும். இன்னொன்றைப் பின்பலகையில் கவ்வவிட்டால் போதும், வேண்டாதபோது கழற்றிக்கொள்ளலாம். பெரியத்தான் திருகுகிற வகையைத்தான் கேட்டார்.

"நம்ம படகுல ஓட்டை போடறதா? என் மனசு கேக்காதுண்ணே" என்றார் சின்னத்தான்.

படகின்மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள்! பெரியத்தான் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார். கவ்வுகிறதையே வாங்கினோம்.

அதற்குப் பிறகும் பெரியத்தான் அதைச் சும்மா விடவில்லை. சென்சார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் அடி இறங்கி நிற்கிறது, அந்த ஓர் அடியைக் கூட்டிச் சொல் என்று மிஷினுக்குப் பட்டனை அழுத்திச் சொல்லவேண்டும். அதையெல்லாம் படித்தவர்போலக் கற்றுக்கொண்டார். தினமும் மிஷின் காட்டுவதைக் குண்டு போட்டுச் சரிபார்த்தார். குண்டும் மிஷினும் பிசகாமல் ஒத்துப்போன அன்று கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, சின்னத்தானின் முதுகில் தட்டினார். "இனிமே நான் கத்த வேண்டாம்டா" என்றார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பெரியத்தான் வலையை ஏற்றிவைத்துக் காத்திருந்தார். சின்னத்தான் வரவில்லை. நான் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தேன். ஆற்றின் மேல்பக்கமிருந்து புதுச் சாயம் பூசிய சின்னப் படகு ஒன்று வந்தது. ஒற்றை ஆள் ஓட்டக்கூடியது. ஓட்டி வந்தவர் சின்னத்தான். பின்பலகையைக் கவ்விக்கொண்டு நின்றது எங்கள் மிஷின்.

"தனியாப் போய்ப் பார்க்கலாம்னு இருக்கேண்ணே. பழைய படகை நீங்களே வெச்சுக்கோங்க."

இரண்டு ஆள் இல்லாமல் நகராத படகை ஒற்றை ஆளுக்குத் தானம் செய்துவிட்டுப் போனார், மகராசன். பெரியத்தான் ஏற்றிய வலையைத் திரும்ப இறக்க ஆரம்பித்தார்.

நான் கையில் மண்வெட்டியோடு சின்ன அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "மிஷின் வாங்கறதுக்கு முன்னாடியே."

"தினம் எங்ககூடப் போன்ல பேசினியேடி!"

"சொல்லக்கூடாதுன்னாருடி. குரல் குடுக்க ஆள் வேணுங்கறதாலதான் இத்தனை நாள் சேர்ந்து போனாராம். நல்ல மிஷினா எடுக்க இவருக்குத் தெரியாது. அத்தானை விட்டா யாருக்குத் தெரியும்?"

 வெளியாள் கழுத்தறுத்திருந்தால் ஊரைக் கூட்டிச் சண்டை போடலாம். ஒரு பாயில் படுத்து வளர்ந்தவளை என்ன செய்வது? அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை.

பெரியத்தான் வேறொருவர் படகில் வலை இழுக்கும் கூலிக்குப் போனார், அந்தத் தோளோடு. அந்தப் படகிலும் மிஷின் இருந்தது. அவரிடம் ஆழம் கேட்பார் யாருமில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். பெரிய அக்கா வீட்டு வாசலில் சின்னத்தான் வந்து நின்றார். மிஷின் இரண்டடி என்று காட்டிய இடத்தில் படகு தரை தட்டப் பார்த்ததாம். புதுப் படகு இலேசு, சென்சார் அரை அடிதான் இறங்குகிறது. மிஷினோ பழைய கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை வந்து சரி பண்ணிக் குடுத்துடுங்கண்ணே."

கூசாமல் கேட்டார்! நான் வாயெடுப்பதற்குள் பெரியத்தான் ஈயக்குண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்படியும் ஒரு மானங்கெட்ட மனுஷன் உண்டா என்று அக்காவிடம் கத்தித் தீர்த்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தானாகப் பேசினார்.

"தப்பா வெச்சிட்டு வரணும்னுதான் போனேன். இன்னொரு அடி கூட்டினாப் போதும். திட்டுல போய் ஏறிடுவான்."

"வெச்சீங்களா?" ஆசையாகத்தான் கேட்டேன். பொய் சொல்வானேன்?

"இல்ல. சரியாத்தான் வெச்சேன்."

"ஏன்?"

"அவன் பக்கத்துல வந்துகூடப் பார்க்கல. கரையில யார்கூடயோ சிரிச்சுப் பேசிட்டிருந்தான். நான் வெச்சது சரியா தப்பான்னு ஒரு வார்த்தை கேக்காம படகுல ஏறிப் போயிட்டான்." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "இன்னமும் என்னை அவ்வளவு நம்பறாண்டி."

தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.